8½ மணி நேரம் தாண்டினால் அவுட்!
நீச்சல், சைக்கிள், ஓட்டம்: முதல் தடவை போகிறவர் படும் பாடு

தர்மபுரி பஸ் நிலையத்தில் இருந்து ஒகேனக்கலுக்கு பஸ் ஏறுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஜன்னல் ஓரமாக இடம் பிடிப்பார்கள். பென்னாகரம் தாண்டியதும் காடு வரும். வளைவுகளில் பஸ் இறங்கும்போது முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே போய் எண்ணெய் மசாஜ், பரிசல், மீன் வறுவல். சாயங்காலம் திரும்பும்போது பக்கத்து ஆள் தோளில் தூங்கி விழுவார்கள்.

போக, வர சுமார் 90 கிலோ மீட்டர்.

அந்த 90 கிலோ மீட்டரையும் சைக்கிளில் மிதிக்க வேண்டும் என்றால்? அது மட்டும் இல்லை. சைக்கிளில் ஏறும் முன்பே 1.9 கிலோ மீட்டர் தண்ணீரில் நீந்தி இருக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு 21.1 கிலோ மீட்டர் ஓட வேண்டும். அதாவது, தர்மபுரியில் கிளம்பினால் கிட்டத்தட்ட பாலக்கோட்டை எட்டிவிடும் தூரம்!

மூன்றும் ஒரே நாளில். ஒன்றன் பின் ஒன்றாக. நடுவில் படுக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. படுத்தால் நேரம் போய்விடும், அவ்வளவுதான்.

"யாருக்கு வந்த விதி இது?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆபீஸ் போகிறவர்கள், கடை நடத்துகிறவர்கள், டாக்டர்கள், போலீஸ் அதிகாரிகள் என்று சாதாரண ஆட்கள்தான் பணம் கட்டி இதற்குப் போகிறார்கள். பரிசு அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. முடித்தால் போதும்!

கெடு

இந்தப் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். இதில் சின்னதும் உண்டு, பெரியதும் உண்டு. 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தது சின்னது. 1½ கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். மேலே சொன்னது நடுத்தரம். 'அயர்ன்மேன் 70.3' என்பார்கள். அது என்ன 70.3? மூன்று தூரத்தையும் மைல் கணக்கில் கூட்டினால் வருகிற எண். இதைப்போல இரண்டு மடங்கு தூரம் போனால் அதுதான் முழு அயர்ன்மேன். இரும்பு மனிதன்!

நடுத்தரப் போட்டியை 8 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பொதுவான கெடு. நடுவிலும் கெடு உண்டு. நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். கிளம்பியதில் இருந்து 5½ மணி நேரத்துக்குள் சைக்கிளை முடித்துவிட வேண்டும். கெடு தாண்டினால், எவ்வளவு கெஞ்சினாலும் "போதும் சார், நில்லுங்கள்" என்று நிறுத்திவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் குரூரம் புரியும். நீச்சலுக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, துணி மாற்ற 10 நிமிடம் செலவழித்தால், சைக்கிளுக்கு மிச்சம் 4 மணி 10 நிமிடம். அப்படியானால் மணிக்கு 21 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். பால்காரர் கேன் கட்டிக்கொண்டு மிதிக்கிற வேகம் போதாது. அதற்குப் பிறகு ஓட்டத்துக்கு 3 மணி நேரம். மணிக்கு 7 கி.மீ. இது ஒன்றும் பிரமாதம் இல்லையே, வேகமாக நடந்தாலே போய்விடலாமே என்று தோன்றும். தோன்றட்டும். 90 கி.மீ. மிதித்துவிட்டு இறங்கிய காலைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும்.

இன்னொரு வேடிக்கை. துணி மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். ஈர உடம்பில் சாக்ஸ் ஏறாது. அவசரத்தில் தொப்பியைத் தேடுவார்கள்; அது தலையிலேயே இருக்கும். ஹெல்மெட்டை மாட்டி வாரைப் போட்ட பிறகுதான் சைக்கிளில் கை வைக்கலாம். மாற்றிச் செய்தால் நடுவர் விசில் அடிப்பார்.

இரண்டரை நிமிடம்!

இந்தக் கெடு என்பது எப்படிப்பட்ட பூதம் என்பதற்குப் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது.

பெங்களூர் தெற்கு தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா. 2024 அக்டோபர் 27ந் தேதி கோவாவில் நடந்த 70.3 போட்டியில் கலந்துகொண்டார். அதற்கு 2 வருடம் முன்பு இதே கோவாவில், மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளும் பிரிவில் சைக்கிள் மட்டும் ஓட்டி இருந்தார். மூன்றையும் தனி ஆளாகச் செய்தது இதுதான் முதல் தடவை. முடித்த நேரம் 8 மணி 27 நிமிடம் 32 விநாடி.

கெடுவுக்கு மிச்சம் இருந்தது இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம். வழியில் ஒரு டயர் பஞ்சராகி இருந்தால்? ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தால்? போச்சு!

2025 நவம்பரில் அதே கோவா போட்டிக்கு தமிழ்நாட்டில் இருந்து ஒருவர் போனார். பா.ஜ.க. மாநில முன்னாள் தலைவர் அண்ணாமலை. சூர்யாவும் கூடவே இருந்தார். இரண்டு பேரும் முடித்தார்கள். பிரதமர் மோடி வாழ்த்துச் சொன்னதால் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது.

தி.மு.க. பக்கமும் சளைத்தது இல்லை. 2021ல் சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன் 100க்கும் மேற்பட்ட அரை மராத்தான் ஓடியவர். 21 கி.மீ. என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஓட்டு கேட்பதில் கட்சி உண்டு. ஓட்டத்தில் கட்சி இல்லை!

சினிமாவையும் விட்டுவிட முடியாது. 'பையா' படத்தில் கார்த்தியைத் துரத்தும் வில்லன் ஞாபகம் இருக்கிறதா? மிலிந்த் சோமன். 50 வயதைத் தொடப்போகும் நேரத்தில், 2015 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்துக்குப் போய் முழு அயர்ன்மேனே முடித்துவிட்டார். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 15 மணி 19 நிமிடம் ஆனது. பொழுது விடிந்ததில் இருந்து இருட்டும் வரை! அவர் இளம் வயதில் தேசிய நீச்சல் சாம்பியன் என்பதை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் அவருக்குப் பழைய சிநேகிதன்.

வாய்ச்சண்டையில் பிறந்தது

இந்த வம்பை ஆரம்பித்தது யார்? அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ்.

1977. ஹவாய் தீவில் ஓட்டப் பந்தயம் முடிந்து பரிசளிப்பு விருந்து. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்குள் ஒரு தகராறு. ஓடுகிறவன் கெட்டிக்காரனா, நீந்துகிறவன் கெட்டிக்காரனா, சைக்கிள் மிதிக்கிறவன் கெட்டிக்காரனா? டீக்கடை பெஞ்சில் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று அடித்துக்கொள்வது மாதிரி.

காலின்ஸ் எழுந்தார். அந்தத் தீவில் ஏற்கனவே இருந்த நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் சைக்கிள் போட்டி, மராத்தான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நாளில் வைப்போம். முதலில் முடிக்கிறவனை இரும்பு மனிதன் என்று கூப்பிடுவோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

1978 பிப்ரவரி 18ந் தேதி சிரிக்காமல் 15 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். காலின்சும் அதில் ஒருவர். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். டாக்சி டிரைவராகப் பிழைப்பு நடத்தியவர். 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

இரண்டாவதாக வந்தவர் கதைதான் சுவாரசியம். ஜான் டன்பார். சைக்கிள் முடியும்வரை அவர்தான் முன்னால் இருந்தார். ஓட்டத்தில் அவருக்குத் துணையாக வண்டியில் வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது. என்ன செய்வது? கையில் இருந்த பீரைக் கொடுத்தார்கள்! அவரும் வாங்கிக் குடித்தார். கால் எங்கே போகும்? தள்ளாடித் தள்ளாடி, அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார்.

இப்போது அந்த வேலை எல்லாம் நடக்காது. வழியில் போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் இடங்களில்தான் தண்ணீர் வாங்க வேண்டும். பெண்டாட்டி பாசத்தோடு ஓடி வந்து மோர் கொடுத்தால்கூட வெளியாள் உதவி என்று அபராதம் போடுவார்கள். சில சமயம் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்ப் பாசத்துக்கு ஒத்துவராத சட்டம்தான்.

கிணறு வேறு, கடல் வேறு

தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் இந்தப் போட்டிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 40. சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். சைக்கிள் தெரியும். தினமும் காலையில் 5 கி.மீ. ஓடுகிறார். "எனக்கு என்ன குறைச்சல்?" என்கிறார்.

குறைச்சல் முதல் 10 நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கிணற்றில் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. களைத்தால் ஒரு கல்லைப் பிடிக்கலாம். படிக்கட்டில் உட்காரலாம். நீச்சல் குளத்திலும் அப்படித்தான். 50 மீட்டருக்கு ஒரு சுவர். 1.9 கி.மீ. என்றால் அந்தக் குளத்தின் நீளத்தை 38 தடவை கடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவரை உதைத்துத் திரும்பலாம். நிற்கக் கூடாது என்று நினைத்தாலும் அந்த ஒரு நொடி உடம்புக்கு ஓய்வு.

கடலில் சுவர் ஏது? கீழே தரை தெரியாது. கலங்கல் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. கூடவே நூற்றுக்கணக்கான ஆட்கள். ஒருவர் முழங்கை முகத்தில் இடிக்கும். இன்னொருவர் கால் உதைக்கும். கண்ணாடி கழன்றுவிடும். உப்புத் தண்ணீர் வாயில் போகும். இருமல் வரும். அந்த நேரத்தில் நெஞ்சு படபட என்று அடிக்கும். மூச்சை வெளியே விடாமல் உள்ளேயே இழுத்து இழுத்து நிரப்பிக்கொள்வார்கள். அங்கேதான் ஆபத்து.

நேராகப் போவதும் கஷ்டம். மிதவையைப் பார்த்து நீந்த வேண்டும். நாலைந்து கை போட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்காவிட்டால், தெரியாமலே பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பார்கள். 1.9 கி.மீ. போக வேண்டியவர் 2¼ கி.மீ. போய்விடுவார். கெடு இருக்கிறதே!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் 2006ல் இருந்து 2008 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை டாக்டர்கள் ஆராய்ந்து 2010ல் வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 9 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் மேல். செத்துப்போனவர்கள் 14 பேர். அந்த 14ல் 13 பேர் செத்தது எங்கே தெரியுமா? தண்ணீரில்! சைக்கிளில் ஒருவர். ஓட்டத்தில் ஒருவரும் இல்லை.

எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஓட்டத்தில் நெஞ்சு வலித்தால் ரோட்டோரம் உட்காரலாம். நாலு பேர் ஓடி வருவார்கள். தண்ணீரில் உட்கார முடியாது. ஆள் முங்கியதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் 40ஐத் தொட்டவர்கள், பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள், இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளாமல் பெயர் கொடுக்கவே கூடாது. பதட்டம் வந்தால் செய்ய வேண்டியது சுலபம். மல்லாந்து மிதந்து, மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். பக்கத்தில் வரும் காவல் படகைப் பிடித்துக்கொள்ளலாம். படகு நம்மை முன்னால் இழுத்துப் போகாத வரைக்கும் அது தப்பே இல்லை. இது தெரியாமல், படகைத் தொட்டால் அவுட் என்று நினைத்து வீம்பு பிடிக்கிறவர்கள் உண்டு.

அப்படியானால் பழகுவது எங்கே? "இருக்கவே இருக்கிறது ஒகேனக்கல். காவிரியில் பழகினால் போச்சு" என்று யாராவது சொன்னால் அவரைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பாறைக்கு நடுவே தண்ணீர் சுழன்று இழுக்கும். வெளியில் பார்த்தால் பூனை, உள்ளே புலி. அந்த ஆற்றில் முதலையும் உண்டு. அங்கே முதலைப் பண்ணையே இருக்கிறது. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் நீர் மட்டம் மளமளவென்று ஏறும். அப்போதெல்லாம் குளிக்கவும் பரிசல் விடவும் கலெக்டர் தடை போடுவதை ஜில்லாக்காரர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். பரிசல்காரருக்கே தடை போடுகிற ஆற்றில் மளிகைக்கடைக்காரருக்கு என்ன வேலை?

குளத்தில் தூரம் பழக வேண்டும். கிணறு என்றால் மேலே கயிறோடும் டியூபோடும் ஒரு ஆள் இருக்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது. போட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று தடவையாவது, தெரிந்தவர் கூட இருக்க, அமைதியான கடலில் நீந்திப் பார்த்திருக்க வேண்டும். தர்மபுரிக்காரருக்குக் கடல் தூரம். செலவுதான். ஆனால் முதல் தடவையாகக் கடலைப் போட்டி அன்றைக்குப் பார்ப்பதைவிட அது மலிவு.

தொப்பூர் வேண்டாம்

சைக்கிளுக்கு வருவோம். லட்சக்கணக்கில் விலை வைத்து சைக்கிள் விற்கிறார்கள். முதல் தடவை போகிறவருக்கு அது தேவை இல்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கும், உடம்புக்கு அளவான சைக்கிள் போதும். இடுப்புக்கும் சீட்டுக்கும் ஒத்துவராவிட்டால், 60வது கி.மீ.யில் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்த வேதனையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பெங்களூர் - சேலம் பெரிய ரோடு அகலமாக இருக்கிறது என்று பழகுவதற்கு அங்கே போகிறவர்கள் உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றி லாரி டிரைவர்களைக் கேட்க வேண்டும். பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகிற வண்டிகளை எல்லாம் வாரிக்கொண்டு போன கதையைச் சொல்வார்கள். கார்களே நசுங்கிய இடத்தில் சைக்கிளா?

பென்னாகரம் வரை போய்த் திரும்பலாம். விடிகாலையில் வண்டி குறைவு. அதற்கு மேல் ஒகேனக்கல் இறக்கம் சுகமாக இருக்கும். ஆனால் கீழே போன ஆள் மேலே வர வேண்டுமே! வளைவில் குரங்கு குறுக்கே பாயும். காட்டுப் பாதை என்பதால் யானை நடமாட்டமும் உண்டு. வெளிச்சம் வராமல் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது.

போட்டியில் இன்னொரு சட்டம். முன்னால் போகிறவர் முதுகை ஒட்டிப் போகக் கூடாது. அவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, நாம் சுகமாகப் பின்னால் போவது திருட்டு. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். தனி ஆளாகத்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

களி சாப்பிடலாமா?

நம் ஜில்லாவில் கேழ்வரகுக்குப் பஞ்சம் இல்லை. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வயலில் பொழுது சாயும் வரை நின்றவர்கள் வம்சம். "களி சாப்பிட்டவனுக்கு இது என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம்.

விஷயம் இருக்கிறது. உடம்பு சதையிலும் ஈரலிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்தில் அது தீரத் தொடங்கும். தீர்ந்தால் கண் இருட்டும். கை நடுங்கும். காரணம் இல்லாமல் அழுகை வரும். லாரியில் டீசல் தீர்ந்த மாதிரிதான், தள்ளினாலும் நகராது. ஆகவே ஓடும் வழியிலேயே சாப்பிட வேண்டும். மணிக்கு சுமார் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டு பெரிய வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளலாம்.

களி முதல் நாள் மத்தியானம் நல்லது. போட்டி அன்று காலையில் சாப்பிட்டால் வயிற்றில் கல் மாதிரி உட்காரும். அது மெதுவாக ஜீரணமாகிற சாப்பாடு. வயலுக்கு அதுதான் சிறப்பு, போட்டிக்கு அதுவே வினை.

தண்ணீரிலும் சூட்சுமம் உண்டு. தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். தலைசுற்றும், வலிப்புகூட வரலாம். வேர்வையோடு உப்பும் போகிறது அல்லவா? உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைப் பாட்டி எதற்குக் கொடுத்தாள் என்பது அங்கே புரியும். எதைச் சாப்பிட்டாலும் பழகும் நாட்களிலேயே சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து ஆள் ஏதோ கலர் பாக்கெட்டைப் பிய்த்து உறிஞ்சுகிறாரே என்று தானும் வாங்கி உறிஞ்சியவர்கள், அடுத்த அரைமணி நேரம் கழிப்பறை வாசலில் க்யூவில் நின்றது உண்டு.

தவழ்ந்து வந்த பெண்

ஓட்டம். இறங்கியதும் கால் மரக்கட்டை. மூளை ஓடச் சொல்லும். கால் இன்னும் பெடலைத் தேடும். முதல் 2 கி.மீ. இப்படித்தான். பயப்படக் கூடாது. சைக்கிள் மிதித்த உடனே ஓடிப் பழகியவருக்கு இது சீக்கிரம் சரியாகும். பழகாதவருக்குச் சதை பிடித்துக்கொள்ளும்.

அதன் பிறகு வெயில். காலையில் தண்ணீரில் இறங்கியவர் மத்தியானம்தான் ஓட வருகிறார். கோவாவில் அக்டோபர், நவம்பர் வெயிலோடு புழுக்கமும் சேரும். இங்கே பாதிப் பேர் நடப்பார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நடந்தாலும் கணக்குத்தான்.

உலகம் முழுவதும் இந்தப் போட்டியைத் தெரிந்துகொண்டது ஓட்டத்தின் கடைசிச் சில அடிகளால்தான். 1982 பிப்ரவரி. ஹவாய். ஜூலி மாஸ் என்ற 23 வயது கல்லூரி மாணவி. உடற்பயிற்சி பற்றிய படிப்பு. கடைசி வருட ஆராய்ச்சிக்கு விஷயம் கிடைக்குமே என்று அயர்ன்மேனுக்கு வந்தார். அதுதான் அவருக்கு முதல் தடவை.

என்ன ஆச்சரியம்! ஓட்டத்தில் பெண்களில் அவர்தான் முன்னால். கடைசி மைல் வந்தது. திடீரென்று கால் மடிந்து விழுந்தார். எழுந்தார். நடந்தார். மறுபடி விழுந்தார். உடம்பு கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. டெலிவிஷன் காமிரா ஓடிக்கொண்டிருக்கிறது. கோடு கண்ணுக்கு எதிரே, சில அடி தூரத்தில். மீண்டும் விழுந்தார். அந்த நேரத்தில் காத்லீன் மெக்கார்ட்னி என்ற பெண் அவரைத் தாண்டிப் போய் முதல் பரிசைத் தட்டிக்கொண்டார்.

ஜூலி எழவில்லை. கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தார். தூக்கிவிட வந்தவர்களை விலக்கினார். கையைக் கோட்டுக்கு மேல் வைத்தார். 29 விநாடி வித்தியாசம்!

ஜெயித்தவர் பெயரைவிட, தோற்ற அந்தப் பெண் பெயர்தான் ஊர் ஊராகப் பரவியது. அடுத்த வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இதில் சேரத் துடித்தார்கள். ஜூலி செய்ததை எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. உடம்பு விழுந்த பிறகு இழுத்துக்கொண்டு போவதில் உயிருக்கே ஆபத்து உண்டு. இப்போது டாக்டர்கள் கோட்டுக்கு முன்பே நின்று பார்க்கிறார்கள். அவர்கள் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். மளிகைக்கடைக்காரருக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 2009ல் அனு வைத்தியநாதன் என்ற இந்தியப் பெண் இன்ஜினீயர், கனடாவில் அல்ட்ராமேன் என்னும் போட்டியை முடித்தார். மூன்று நாள். 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ. சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். அதை முடித்த முதல் ஆசியர் அவர்தான் என்று பெயர். 70.3 என்பது அவருக்குக் காலை டிபன்!

மறுநாள்

கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் ஒரு மெடல் மாட்டுவார்கள். உட்கார நாற்காலி கொடுப்பார்கள். உட்காரலாம். எழுந்திருப்பதுதான் பாடு.

மறுநாள் வலி கொஞ்சம்தான். அதற்கு அடுத்த நாள்தான் உச்சம். தொடைச் சதை இறுகிப்போய், மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறவர்கள் உண்டு. பஸ்சில் ஏற கண்டக்டர் கை கொடுக்க வேண்டி வரும். ஒரு வாரத்துக்கு ஓட்டத்தை மறந்துவிட வேண்டும். நடக்கலாம். நன்றாகத் தூங்கலாம். சிறுநீர் கறுப்பாகப் போனால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சதை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதற்கு அது அடையாளம்.

கடைக்கு வருகிறவர்கள் மேல் தட்டில் இருக்கும் டப்பாவைக் கேட்பார்கள். "நாளைக்கு வாங்க, எடுத்துத் தர்றேன்" என்று சொல்ல வேண்டியதுதான்.